இரண்டு வளையம், ஒரு மைனஸ்: என் ஃபோட்டானிக்ஸ் அரியர் கதை

நேற்று ரிசல்ட். ஃபோட்டானிக்ஸ் (ஒளியை வைத்துச் செய்யும் தொழில்நுட்பம்) அரியர் கிளியர், 61. நவம்பரில் இதே தாளில் 43 வாங்கிவிட்டு, காட்பாடி ஸ்டேஷன் வரை யாரிடமும் பேசாமல் நடந்தவன் நான்.

மற்ற யூனிட்டெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் கவிழ்ந்தது இணைந்த மைக்ரோ ரெசொனேட்டரில்: ஒளிப்பாதை ஒன்றின் பக்கத்தில் ஒரு நுண்ணிய வளையம், அதை ஒட்டி இன்னொன்று, ஒளி உள்ளே சுற்றிச் சுற்றி ஓடும். நவம்பர் தாளில் இரண்டு வளையத்து ஒளியின் செறிவை (பிரகாசத்தை) கூட்டி வைத்திருந்தேன். கூட்ட வேண்டியது வீச்சை (அலையின் உயரத்தை), கட்டத்தோடு (அலை தன் சுற்றில் எங்கே நிற்கிறது என்பதோடு) சேர்த்து. ஒளி பக்கத்து வளையத்துக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் 90 டிகிரி கட்டம் ஏறும். போய்த் திரும்பினால் இரண்டு தாவல், 180 டிகிரி, அதாவது மைனஸ். இரண்டாவது வளையத்தில் இழப்பு குறைவாக இருந்தால், திரும்பி வரும் ஒளி முதல் வளையத்தில் இருப்பதை அடித்துவிடும். உறிஞ்ச ஆளில்லை, ஒத்ததிர்வின் (வளையத்துக்குப் பொருந்தும் அலைநீளத்தின்) நட்டநடுவில் ஒளி பாதையிலேயே நேரே போய்விடும். எவ்வளவு ஒளி கடந்து போகிறது என்ற வரைபடத்தில் பள்ளத்துக்குள் ஒல்லியான மேடு.

இது எனக்குப் புரிந்தது சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில். துணிக்கொடியில் இரண்டு தண்ணீர் பாட்டிலைச் சம நீளக் கயிற்றில் தொங்கவிட்டேன். ஒன்றைத் தட்டினால் கொஞ்ச நேரத்தில் அது நின்று மற்றது ஆடும், அப்புறம் திரும்ப இது. ஒரு கயிற்றைக் கொஞ்சம் சுருக்கினேன், ஆட்டம் கெட்டது. இந்த வளையங்களை வைத்துச் செய்யும் சென்சாரும் இதேதான்: வளையத்தில் ஒரு துகள் ஒட்டினாலே ஒத்ததிர்வு நகரும். "படிக்கச் சொன்னா பாட்டிலை ஆட்டிக்கிட்டு இருக்கியாடா, துணி காயப்போடணும்" என்றார் அம்மா.

மீதி சுருக்கமாக:

- ஒத்ததிர்வுக் கோட்டின் அகலம் = அலைநீளம் ÷ கியூ (வளையம் ஒளியை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கும் என்பதன் அளவு). 1550 நானோமீட்டர், கியூ 10 லட்சம் என்றால் 1.55 பிக்கோமீட்டர். அலகு முக்கியம்.
- சூடு ஏறினாலும் அந்தக் கோடு நகரும். வேலூர்க்காரனுக்கு இது மறக்காது.
- எக்ஸெப்ஷனல் பாயின்ட் (இரண்டு ஒத்ததிர்வும் ஒன்றாகிவிடும் புள்ளி): சிறு மாற்றத்தில் அவை பிரியும், பிளவு வர்க்கமூலமாக வளரும், 0.0001 மாற்றத்துக்கு 0.01. 2017 நேச்சர் சோதனைகளைச் சொல்லுங்கள். இரைச்சலும் கூடும் என்ற மறுப்புக்கும் ஒரு வரி.
- இயற்பியலாளர் ரேலே, 1910, லண்டன் செயின்ட் பால் தேவாலயம், வளைந்த சுவரோடு ஓடும் கிசுகிசுப்பு (வளையத்தில் ஓடும் ஒளி மாதிரி): 2 மார்க். எழுதிவிட்டு ஓடுங்கள்.
- காலை 4 மணிக்கு எழுந்து படி என்பவர்களை நம்பாதீர்கள். (நான் ராத்திரி ஆள்.)

இந்த முறை அதே கேள்வி வந்தது. படம் போட்டு, அம்புக்குறிகள் மேல் 90, 90 என்று எழுதிய பிறகுதான் சமன்பாட்டைத் தொட்டேன். அதற்கே 40 நிமிடம், கடைசிக் கேள்வி பாதியில் நின்றது. பரவாயில்லை.

நவம்பர் தாளுக்கு மறுமதிப்பீட்டுக்குக் கட்டிய பணம்தான் வீண். நகல் வாங்கிப் பார்த்தேன், அந்த மைனஸ் எந்தப் பக்கத்திலும் இல்லை.