ஜனவரி 1 அன்று பிறந்தவர்கள்

பெற்றோரோ உறவினரோ இல்லாமல் தனியாக எல்லை தாண்டி வந்த பிள்ளைகளுக்குக் காப்பாளராக இருப்பது என் வேலை. என்னிடம் வந்தவர்களில் பலருக்குப் பிறந்த நாள் ஜனவரி 1. தேதி தெரியாதபோது அதிகாரிகள் வருடத்தை மட்டும் கேட்டு, ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின்படி, பொதுவாக 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அதன் 22-ஆவது பிரிவு, அகதிக் குழந்தையின் குடும்பத்தைத் தேட உதவச் சொல்கிறது. யாரும் கிடைக்காவிட்டால், குடும்பத்தை இழந்த மற்ற எந்தக் குழந்தைக்கும் தரும் பாதுகாப்பை இவர்களுக்கும் தரச் சொல்கிறது. வயதில் சந்தேகம் வந்தால் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பதுண்டு. ஆனால் எலும்பு பிறந்த தேதியைச் சொல்லாது. இரண்டு வருடம்கூட முன்னே பின்னே போகலாம். அதனால்தான், குழந்தையாக இருக்க வாய்ப்பிருந்தால் குழந்தையாகவே நடத்துங்கள் என்று 2005-இல், அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு தன் 6-ஆவது பொதுக் கருத்துரையில் சொன்னது. எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று அதை வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

ஒரு பையன். முதல் மூன்று சந்திப்பிலும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வழிநெடுக எல்லோரும் கேள்வி கேட்டே களைத்துப்போன பிள்ளை அவன். நான்காவது முறை அவனாகவே பேசினான். "அறுவடை முடிந்த கையோடு நீ பிறந்தாய்" என்று அம்மா சொல்வாராம். மொழிபெயர்த்தவர் அந்தப் பக்கத்துக்காரர். அங்கே அறுவடை முடிவது அக்டோபரில் என்றார். ஆக, காகிதம் அவனை ஒன்பது மாதம் மூத்தவனாக்கியிருந்தது.

தேதியைத் திருத்த மனுப் போட்டோம். முடிவு வருவதற்குள் ஜனவரி வந்துவிட்டது. காகிதப்படி அவனுக்கு 18 ஆகிவிட்டது. பள்ளி ஆண்டின் நடுவில் அவன் விடுதியைக் காலி செய்தான், என் காப்பாளர் பொறுப்பும் அன்றோடு முடிந்தது. பள்ளியில் மட்டும் பேசி, படிப்பைத் தொடர வைத்தேன். இன்றும் அந்த மனுவை இன்னும் முன்னாலேயே போட்டிருக்கலாம் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

இப்போதெல்லாம் யாரிடமும் முதலில் தேதியைக் கேட்பதில்லை. பிறந்தபோது மழையா வெயிலா, வீட்டில் என்ன சொல்வார்கள் என்றுதான் பேச்சைத் தொடங்குகிறேன். 16 வயதிலேயே சமையல், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் பழக்குகிறோம். அதைவிட முக்கியம், 18-க்குப் பிறகும் தயங்காமல் கூப்பிட ஒரு பெரியவராவது இருப்பது. பக்கத்து வீட்டுக்காரரோ, விளையாட்டுப் பயிற்சியாளரோ, யாராக இருந்தாலும் சரி.

அந்த அக்டோபரில் அவனைக் கூப்பிட்டுப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், புதிதாகக் கற்ற மொழியில் மெதுவாகக் கேட்டான்: "உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"