எண்பது வளைவுகளில் மிஞ்சிய இரண்டு

நேப்பிள்ஸிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் காப்புவா என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் இறங்கிவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. நான் பார்க்க வந்த ரோமானியர் கால அரங்கம் உள்ள பழைய காப்புவா, அதற்கு முந்தைய நிலையமான சாந்தா மரியா காப்புவா வெத்தெரேயில் இருக்கிறது. 841இல் சரசேனியர் எனப்பட்ட முஸ்லிம் படையினரின் படையெடுப்பில் அந்நகரம் அழிந்தபின், மக்கள் சில கிலோமீட்டர் தள்ளி வொல்தூர்னோ ஆற்றங்கரையில் குடியேறியபோது, ஊரின் பெயரையும் தங்களுடன் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பிச் செல்லும் ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஊருக்குள் நடந்தேன். நகராட்சிக் கட்டடத்தின் முகப்பில் பெரிய கல் தலைகள் சில பதிக்கப்பட்டிருந்தன. சுவருக்குச் சற்றும் பொருந்தாத அளவு அவை. படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

நண்பகலுக்குமேல்தான் அரங்கத்தை அடைந்தேன். ஏறத்தாழ 170 மீட்டர் நீளமுள்ள இந்த நீள்வட்டம், ரோமின் கொலோசியத்தைவிடச் சற்றே சிறியது. அங்கே வரிசையில் நின்று களைத்திருந்த எனக்கு, இங்கே ஒரு பள்ளிக் குழுவும் வெயில் காயும் பல்லிகளும் மட்டுமே துணை என்பது நம்பமுடியாததாக இருந்தது. வெளிச்சுற்றின் கீழ்த்தளத்தில் ஒரு காலத்தில் 80 வளைவுகள் இருந்தன. இன்று முழுமையாக நிற்பவை இரண்டு. அவற்றின் உச்சிக் கற்களில் ஜூனோ, டயானா ஆகிய தெய்வங்களின் முகங்கள் தேய்ந்து தெரிகின்றன. அவற்றை அண்ணாந்து பார்த்தபோதுதான் காலையில் கண்ட தலைகள் நினைவுக்கு வந்தன. நூற்றாண்டுக்கணக்கில் இந்த அரங்கம் சுற்றுவட்டாரத்துக்கே கல்குவாரியாகப் பயன்பட்டிருக்கிறது.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது களத்தின் அடித்தளம். விலங்குகளையும் மேடைப் பொருள்களையும் மேலே ஏற்றுவதற்காகக் களத்தில் வெட்டப்பட்ட நீள்சதுரத் திறப்புகளின் வழியே, செங்கல் நடைபாதைகளில் வெளிச்சம் கட்டங்கட்டமாக விழுகிறது. கீழே நிற்பவனுக்கு வானம் ஒரு துண்டாக மட்டுமே தெரிகிறது. முறைக்காகக் காத்திருந்தவர்கள் கண்டதும் அந்த அளவு வானத்தைத்தான்.

ரோமுக்கு எதிரான அடிமைக் கிளர்ச்சியின் தலைவர் ஸ்பார்டகஸ் இந்தக் களத்தில் சண்டையிட்டார் என்று பலரும் சொல்கிறார்கள், அது சரியல்ல. கி.மு. 73இல், பாட்டியாட்டஸ் என்பவனின் கிளாடியேட்டர் (அரங்கில் மக்கள் முன் ஆயுதச் சண்டையிடும் வீரர்) பயிற்சிக்கூடத்திலிருந்து அவரும் எழுபதுக்கும் மேற்பட்ட தோழர்களும், சமையலறைக் கத்திகளையும் இறைச்சி சுடும் கம்பிகளையும் ஆயுதமாக ஏந்தித் தப்பியது இந்நகரில்தான். ஆனால் இப்போதுள்ள கட்டடம் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் பிற்பட்டது; அவர் காலத்துக் களத்தின் எச்சங்கள் அருகிலேயே புதைந்திருந்தன. கி.மு. 71இல் கிளர்ச்சி அடக்கப்பட்டபின், பிடிபட்ட ஆறாயிரம் பேரைக் காப்புவாவிலிருந்து ரோம் வரையிலான அப்பியன் சாலை நெடுகிலும் சிலுவையில் அறைந்தார்கள்.

வளாகத்திலுள்ள கிளாடியேட்டர் அருங்காட்சியகம் சிறியது. அரை மணி நேரம் போதும். 1922இல் கண்டெடுக்கப்பட்ட, ரோமானியர் வழிபட்ட மித்ரா என்ற தெய்வத்தின் கோயிலையும் பார்க்க நினைத்திருந்தேன். காலையில் இழந்த நேரத்தால், நான் போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. நிலையத்தில் காத்திருந்தபடி, அந்தத் தலைகளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.