ரேடியேட்டரை மாற்றினார்கள், சூடு மாறவில்லை

நுகர்வோர் ஆணையத்தில் சமரசம் முடிந்து பணமும் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்த சர்வீஸ் சென்டர் வாசலைக் கடக்கும்போது இன்னும் எரிச்சல் வருகிறது. கார் ரிப்பேருக்குப் பணம் கட்டியும் குறை தீராமல் அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

குறை இதுதான். சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். ஏசி போட்டிருந்தால் இன்னும் வேகமாக ஏறும். பைபாஸில் ஓட ஆரம்பித்தால் தானாக இறங்கிவிடும். இதை இப்படியே சர்வீஸ் அட்வைசரிடம் சொன்னேன். அவர் ஜாப் கார்டில், அதாவது வண்டியில் என்ன வேலை என்று குறிக்கும் தாளில், அடித்தது, 'ஹீட்டிங், ஜெனரல் செக்கப்'. நான் சொன்னதை முழுசாக எழுதச் சொன்னதற்கு, "அவ்ளோல்லாம் டைப் பண்ண முடியாது மேடம், டெக்னீஷியன்கிட்ட நான் சொல்லிடறேன். வீட்ல சார் இருந்தா ஒரு தடவை பேசச் சொல்லுங்களேன்" என்றார். வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவதும் நான்தான். பிரின்ட் எடுத்த ஜாப் கார்டின் ஓரத்தில் 'நிற்கும்போதும் ஏசி போட்டாலும்தான் சூடாகிறது, ஓடும்போது இல்லை' என்று பேனாவால் எழுதி, கிலோமீட்டரையும் குறித்து, கீழே அவரிடம் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டேன். முகம் சுளித்தார். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒற்றை வரிதான்.

முதலில் தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும் மாற்றினார்கள். முள் ஏறியது. அடுத்து ரேடியேட்டரையே மாற்றினார்கள். அப்போதும் ஏறியது. மறுபடி கொண்டுபோய் விட்டதும் வாட்டர் பம்ப்பாக இருக்கலாம், இல்லாவிட்டால் ஹெட் கேஸ்கெட், இன்ஜினை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்று ஒரு எஸ்டிமேட்டை நீட்டினார்கள். அதுவரை எனக்குப் போட்ட பில்கள் மொத்தம் 31,460 ரூபாய். 'சோதித்துப் பார்த்ததற்கு' என்று அதில் தனிக் கட்டணம் வேறு.

அந்தக் கடைசி பில்லைக் கட்ட மாட்டேன் என்று நின்றேன். கட்டாமல் கேட் பாஸ் கிடையாது என்றார்கள். இதில் சட்டம் ஓரளவு அவர்கள் பக்கம்தான். உழைப்பும் திறமையும் செலவழித்துச் செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்க 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. வேலை ஒழுங்காக நடந்ததா என்று கேட் பக்கத்தில் நின்று வாதாடினால் வண்டிதான் வெயிலில் காயும். அதனால் பணத்தைக் கட்டி, பில்லின் இரண்டு பிரதியிலும் 'குறை தீரவில்லை, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதினேன்.

சாவி தரும் முன் ஒரு படிவம் நீட்டுவார்களே, 'வேலை திருப்தி' என்று? ஒவ்வொரு முறையும் அதில் கையெழுத்துக்கு மேலே 'இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை' என்று எழுதிவிட்டுத்தான் போட்டேன். அப்படி எழுதக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்துப் புதியது போட்டால் பழையது நம்முடையது. நான் கேட்டபோது, "ஸ்டோர்ல இருக்கு மேடம், அடுத்த தடவை வரும்போது எடுத்துத் தர்றேன்" என்றார்கள்.

இன்னொன்று. பில் தெர்மல் பேப்பரில் இருந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். மனு போடப் போகும்போது அசல் வெறும் வெள்ளைத் தாளாகி இருக்கும்.

குறையைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன். பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுவிட்டு ரேடியேட்டர் ஃபேனைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஃபேனே சுத்தலையே அக்கா." கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பின் உருகிப் பழுப்பாகியிருந்தது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடுகிறது, நின்றால் அந்த ஃபேன் மட்டும்தான் கதி. ஜாப் கார்டின் ஓரத்தில் நான் எழுதியதை யாராவது படித்திருந்தால் முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இடம்.

இந்த இடத்தில் பொறுமை வேண்டும். அவர் உடனே மாற்றித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று தடுத்தேன். சரிசெய்துவிட்டால் சாட்சி போய்விடும். எலக்ட்ரீஷியனுக்கு லெட்டர்பேடும் இல்லை, ஆணையத்தில் வந்து சொல்லவும் தயக்கம். அதனால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற, வாகனச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒருவரை அழைத்தேன். இந்தத் தேதியில் வண்டியைப் பரிசோதிக்கிறோம், உங்கள் ஆளும் வந்து பார்க்கலாம் என்று சர்வீஸ் சென்டருக்கும் கடிதம் போட்டேன். யாரும் வரவில்லை. சர்வேயர் போட்டோக்களோடு அறிக்கை கொடுத்தார், கட்டணம் 3,000 ரூபாய். அதன் பிறகே எலக்ட்ரீஷியன் கனெக்டரையும் ரிலேவையும் மாற்றினார். மொத்தம் 1,850. சூடு நின்றது.

நடுவில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் புகார் கொடுத்தேன். அவர்கள் அதை நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 'வாடிக்கையாளர் திருப்தியுடன் வாகனத்தைப் பெற்றுக்கொண்டார்' என்று ஒரு வரி பதில் வந்து புகார் முடிந்துபோனது. சிலருக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்கிறார்கள், முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

சர்வீஸ் சென்டருக்கு நோட்டீஸ் அனுப்பினேன். 'வாங்க மறுப்பு' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அந்த உறையைப் பிரித்துவிடாதீர்கள், அப்படியே மனுவோடு சேர்க்க வேண்டும். மறுத்துத் திருப்பினாலும் சேர்ந்ததாகவே கணக்கு.

பிறகு நுகர்வோர் ஆணைய அலுவலகம். சர்வீஸ் சென்டர் இருப்பது பக்கத்து மாவட்டத்தில். கவுன்ட்டரில் இருந்தவர் மனுவைப் புரட்டக்கூட இல்லை. "எதிர்பார்ட்டி இருக்கிற ஊர்லதாம்மா போடணும். ஒரு வக்கீலைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அரை நாள் லீவு போனதுதான் மிச்சம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34(2)(ஈ) பிரிவுப்படி, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ மனு போடலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. அவர் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டார் போலிருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, மார்க்கரால் கோடு போட்டு, மனுவுக்கு மேலேயே வைத்துக் கொடுத்தேன். படித்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே எடுத்துக்கொண்டு போனார். வக்கீலும் வைக்கவில்லை. நாமே வாதாடலாம்.

ஆனாலும் விட்டாரா? பக்க எண் இல்லை, பிரமாணப் பத்திரத்தில் நோட்டரி முத்திரை மங்கல், வாட்ஸ்அப் செய்திகளுக்குச் சான்றிதழ் இல்லை என்று குறை எழுதித் தந்தார். சான்றிதழ் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். மின்னணு ஆதாரங்களோடு கொடுக்க வேண்டிய சான்றிதழ் அது. முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி என்பார்களே, அது 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4) பிரிவாகிவிட்டது. டைப்பிங் சென்டரில் பழைய படிவத்தையே கொடுப்பார்கள், பார்த்து வாங்குங்கள். நுகர்வோர் மனுக்களை இணையத்தில் போடும் இ-ஜாக்ரிதி தளத்தில் ஏற்றிவிட்டாலும் காகிதக் கட்டைக் கேட்கிறார்கள். எதிர்தரப்புக்கு ஆளுக்கொரு செட், ஆணையத்துக்குத் தனி செட். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, ஜெராக்ஸ் செலவுதான் பெரிய செலவு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். 'அடுத்த மாசம் பாக்கலாம் மேடம்' என்று சர்வீஸ் சென்டர்காரர்கள் சொல்வதை நம்பி அதைத் தாண்டவிட்டுவிடாதீர்கள்.

மனு ஏற்கப்பட்டது. எதிர்தரப்பு பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள், கேட்டால் கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. அவர்கள் வக்கீல் கடைசி நேரத்தில் கொண்டுவந்து போட்டார். வாகனத்தில் பழுதே இல்லை, நான் திருப்தியென்று கையெழுத்திட்டிருக்கிறேன் என்று எழுதி, அந்தத் திருப்திப் படிவங்களை ஆதாரமாக இணைத்திருந்தார். கையெழுத்துக்கு மேலே என் கையெழுத்திலேயே 'இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை'. அவர்கள் அதைப் படிக்காமலே தாக்கல் செய்திருக்கிறார்கள்! ஆணையத் தலைவர் அதை வாய்விட்டுப் படித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜாப் கார்டின் ஓரத்து வரியும் சர்வேயர் அறிக்கையும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தின.

அதற்குப் பிறகுதான் அவர்களுக்குச் சமரசம் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் சம்மதித்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி ஆணையமே மத்தியஸ்தத்துக்கு அனுப்பும். முதலில் இரண்டு இலவச சர்வீஸ் தருகிறோம் என்றார்கள். எந்த இடத்தில் வண்டியைக் கெடுத்தார்களோ அங்கேயே மறுபடி கொண்டுபோய் விடுவதா? கடைசியில் தெர்மோஸ்டாட், கூலன்ட் பில்லை நான் விட்டுக்கொடுத்தேன். ரேடியேட்டர் பில், சோதனைக் கட்டணம், சர்வேயர் கட்டணம் ஆகியவற்றோடு 10,000 ரூபாய் சேர்த்துத் தர ஒப்புக்கொண்டார்கள். மன உளைச்சலுக்கு நான் கேட்டிருந்தது ஒரு லட்சம். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

சமரசத்தை அவர்கள் வக்கீல்தான் டைப் செய்து கொண்டுவந்தார். நிதானமாகப் படித்தேன். 'புகார்தாரர் இணையத்திலோ வேறு எங்குமோ இதுபற்றிக் கருத்துத் தெரிவிக்கக் கூடாது' என்று நடுவில் ஒரு வரி. அடித்துவிட்டேன். பணம் தர வேண்டிய தேதியையும், தவறினால் 9 சதவீத வட்டி என்பதையும் சேர்க்கச் சொன்னேன். தேதி போடாத சமரசத்தில் கையெழுத்துப் போட்டால் பணத்துக்காக மறுபடி நிறைவேற்று மனு போட்டு அலைய வேண்டும். ஆணையத்தின் உத்தரவை மீறினால் 72ஆவது பிரிவில் சிறைத் தண்டனைவரை இருக்கிறது, ஆனால் அதுவரை போய்த்தான் வாங்க வேண்டுமா?

டிடி சொன்ன தேதிக்குள் வந்தது, பெயரில் எழுத்துப் பிழைகூட இல்லை. கழற்றிய பழைய ரேடியேட்டரை மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்டோரில் இருந்தது இப்போது ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். எந்தத் தேதியில் போனது, எவ்வளவுக்குப் போனது என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்.