அகழியில் கிடைத்த வானம்

வேலூரில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைனிங் வேலைக்கு நான் சேர்ந்தது 2010-ல். படம் எடுப்பவர்கள் வெயிலில் நிற்பார்கள், நான் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். கல்யாண சீசனில் மெமரி கார்டுகள் வந்து குவியும். வெளியில் எடுத்த படங்களில் பெரும்பாலும் ஒரே குறைதான். முகம் நன்றாக இருக்கும், பட்டுப்புடவையின் சரிகை வரை தெளிவாக இருக்கும், தலைக்கு மேலே மட்டும் வானம் இருக்காது. வெள்ளைக் காகிதம் ஒட்டியது போல் வெளுத்துக் கிடக்கும். 'பர்ன் ஆயிடுச்சு' என்போம்.

எங்கள் ஊரில் இது அதிகம். சுற்றிலும் மரமில்லாத பாறை மலைகள், தண்ணீர் இல்லாத பாலாற்று மணல், கருங்கல் கோட்டை. எதன்மேல் வெயில் பட்டாலும் கண் கூசும். வைகாசி மதியத்தில் வானமே நீலமாக இருப்பதில்லை, புழுதியும் வெக்கையும் கலந்து பால் ஊற்றியது போல் இருக்கும். அந்த நேரத்தில் புங்க மர நிழலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தி, முகத்துக்கு வெளிச்சம் சரிபார்த்து எடுத்தால் வானம் போய்விடும். எடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். முகமா வானமா என்று வந்தால் முகத்தைத்தான் காப்பாற்ற வேண்டும்.

கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம் மாதிரி. குடம் நிறைந்த பிறகு எத்தனை ஊற்றினாலும் வழிந்து ஓடும், எவ்வளவு ஊற்றினோம் என்ற கணக்கு குடத்தில் இருக்காது. கேமரா சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255-ஐத் தொட்டுவிட்டால் அங்கே மேகம் இருந்ததா, நீலம் இருந்ததா, படத்துக்கே தெரியாது. பிலிமில் இப்படி இல்லை. நெகட்டிவில் வானம் கனத்துக் கருத்துப் போயிருந்தாலும் உள்ளே கொஞ்சம் விஷயம் இருக்கும். இருட்டறையில் பிரிண்ட் போடும்போது முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, வானத்துக்கு மட்டும் சில விநாடிகள் கூடுதலாக வெளிச்சம் காட்டினால் மேலெழுந்து வரும். எங்கள் முதலாளி அண்ணன் அப்படி வேலை செய்து வந்தவர். டிஜிட்டல் வந்தபோது அவரை அதிகம் வருத்தியது இந்த வெள்ளைதான்.

சென்சார் பிடித்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால் கொஞ்சம் பிழைக்க வழி உண்டு. 14 பிட் கோப்பில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள். வெயிலில் பெரும்பாலும் பச்சைக் குடம்தான் முதலில் நிறையும். மற்ற இரண்டில் இடம் இருந்தால் அவற்றை வைத்து மென்பொருள் பச்சையைக் கணித்துவிடும். ஆனால் மூன்றும் நிறைந்த இடத்தில் வெளிச்சத்தைக் குறைக்கும் ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் வெள்ளை சாம்பலாகும், அவ்வளவுதான். அந்தச் சாம்பலுக்கு வெள்ளையே மேல். வெள்ளையைப் பார்த்தால் வெயில் என்றாவது தோன்றும். சாம்பலைப் பார்த்தால் எதுவும் தோன்றாது.

2014-ல் ஒரு குடியாத்தம் கல்யாணம். வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் மதியம் மூன்று மணிக்கு எடுத்த படம், ஜேபெக் மட்டும். பின்னால் மதில், நடுவில் தண்ணீர், மேலே சுத்த வெள்ளை. ஆல்பத்தின் நடுப்பக்கத்துக்கு அந்தப் படம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் ஆல்பத்துக்கான ரெடிமேட் படங்கள் அடங்கிய டிசைன் டிவிடி ஒன்று இருந்தது. அதிலிருந்து கருநீல வானமும் பஞ்சு மேகமும் எடுத்து வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆல்பம் வாங்கப் பெண்ணின் அப்பா வந்தார். விவசாயி. நடுப்பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னா தம்பி, அன்னிக்கு ஒரு பொட்டு மேகம் கூட இல்லியே. கெணத்துல தண்ணி இல்லாத வருசம் அது. கல்யாண வேலையிலயும் நான் வானத்தத்தான் பாத்துகினு இருந்தேன். இது எந்த ஊரு வானம்?"

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக உறுத்தியது. "ரெண்டு நாள் குடுங்கப்பா, மாத்தித் தரேன்" என்றேன்.

அன்றிரவு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது என் தப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மாப்பிள்ளையின் மூக்கு நிழல் வலது பக்கம் விழுந்திருக்கிறது, நான் வைத்த மேகங்களுக்கோ வெயில் வலது பக்கத்திலிருந்து அடிக்கிறது. மேலே அத்தனை மேகம், கீழே அகழித் தண்ணீரில் ஒன்று கூட இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் பிடிபட்டது. வானம் மேலேதான் எரிந்து போயிருக்கிறது, தண்ணீரில் எரியவில்லை. தண்ணீர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். அதனால் அகழியில் விழுந்த வானத்தின் பிம்பம் 255-ஐத் தொடவே இல்லை. மங்கலாக, பாசி கலந்து, ஆனால் முழுசாக அங்கே இருந்தது.

பாசி நிறத்தைக் கழிக்க வேண்டுமே. அதற்கும் படத்திலேயே வழி இருந்தது. மதில் மேலேயும் இருக்கிறது, தண்ணீரிலும் இருக்கிறது. ஒரே கல்லின் நிறம் இரண்டு இடத்தில் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால், தண்ணீர் எவ்வளவு இருட்டாக்குகிறது, எவ்வளவு பச்சை சேர்க்கிறது என்று தெரிந்துவிடும். அந்த அளவைப் பிம்ப வானத்திலிருந்து நீக்கினேன். கிடைத்தது வெளிறிய நீலம், துவைத்துத் துவைத்துச் சாயம் போன பள்ளிச் சட்டை மாதிரி. சரிதானா என்று பார்க்க மாப்பிள்ளையின் வேட்டி உதவியது. வெயிலில் வெள்ளை வேட்டியின் நிழல் மடிப்புகளுக்கு வானத்தின் வெளிச்சம்தான் கிடைக்கும், அதனால் மடிப்புக்குள் லேசாக நீலம் ஏறும். அந்த நீலமும் ஒத்துப்போனது.

மதிலை ஒட்டிய இடத்தில் வெளுப்பாக, லேசான புழுதி மஞ்சளோடு ஆரம்பித்து மேலே போகப்போக நீலம் கூடும்படி வைத்தேன். அடிவானத்தை மேல்வானத்தின் நிறத்துக்கே கொண்டுவந்தால் அது பேனர் ஆகிவிடும். இந்த வான லேயரை மல்டிப்ளையில், அதாவது கீழே உள்ள படத்தின் நிறத்தோடு பெருக்கிக் கலக்கும் முறையில், வைத்தால் வெள்ளை இருக்கும் இடத்தில் நிறம் முழுசாக ஏறும், கறுப்பு முடிக்கு ஒன்றும் ஆகாது, தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு வராது. பெண் தலையில் இருந்த மல்லிகைதான் சிக்கல். பூவும் வெள்ளைதானே, அதுவும் நீலமாகிவிடும். ஒவ்வொரு மொக்காகச் சின்ன பிரஷ்ஷில் மாஸ்க் செய்து, அதாவது நிறம் ஏறாமல் மறைத்து, எடுக்க ஒரு முழு ராத்திரி ஆனது. கடைசியில் வானத்தில் கொஞ்சம் நொய்ஸ், அதாவது பொடிப்பொடிப் புள்ளிகள், தூவினேன். இல்லாவிட்டால் பிரிண்டில் நீலம் பட்டை பட்டையாகத் தெரியும், மற்ற இடத்தோடு ஒட்டவும் செய்யாது.

புதுப் பக்கத்தைப் பார்த்த அந்த அப்பா வானத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மகளின் முகத்தை விரலால் தொட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார்.

வானத்தை வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டுவது புதுப் பழக்கம் இல்லை. 1850-களில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே கடல் படங்களில் இதைச் செய்திருக்கிறார். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீலம் மிக அதிகமாகப் பிடிக்கும், அதனால் கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெளுத்துவிடும். அவர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் வைத்து ஒரே பிரிண்டாகப் போட்டார். 2020 கடைசியில் போட்டோஷாப்பிலேயே ஒரே சொடுக்கில் வானம் மாற்றும் வசதி வந்துவிட்டது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் வருகிற வானங்களைத் தொடுவதில்லை. நம்முடைய படங்களையும் அதில் ஏற்ற முடியும்.

அதற்காகவே எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுக்கும் பையன்களிடம் ஒன்று கேட்டு வாங்குகிறேன். எங்கே போனாலும், முதல் படம் எடுப்பதற்கு முன் அதே பக்கம் திரும்பி வானத்துக்கு மட்டும் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) வைத்து ஒரு படம். கோட்டையை எடுப்பதாக இருந்தால் காலை எட்டு மணிக்குள் போய்விடச் சொல்வேன். வாசல் கிழக்குப் பக்கம் இருப்பதால் அப்போது சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், மதிலும் வானமும் ஒரே படத்தில் அடங்கும். சாயங்காலம் என்றால் மதிலுக்குப் பின்னாலேயே சூரியன் இறங்கும், அப்போது வானத்துக்குத் தனிப் படம் கட்டாயம்.

அந்தப் படங்களை எல்லாம் தேதி, இடம், நேரம் போட்டுத் தனி ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். காட்பாடி, விரிஞ்சிபுரம், ரத்தினகிரி, ஏலகிரி. வைகாசி மதியங்கள்தான் அதிகம். பெரும்பாலானவற்றில் மேகமே இல்லை.