ஊருக்குச் சொல்கிற ஆறுதலை உங்களுக்கும் சொல்லுங்கள்

எங்கள் குமரி மாவட்டத்தில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் போதும், பந்தல் போடுவதிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டன் சாயா கொடுப்பது வரை பக்கத்து வீட்டுக்காரர்களே ஓடி ஓடிச் செய்வார்கள். மகன் நீட்டில் தோற்றுவிட்டான் என்று அழுகிற அம்மாவிடம் "சாரமில்ல மக்கா, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்று சொல்லவும் நாலு பேர் வருவார்கள். அதே நாலு பேர், தங்களுக்கு ஒரு சறுக்கல் வந்தால் தங்களோடு எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகம் உள்ள மாவட்டம் இது. அந்தப் பெருமையே பல வீடுகளில் பாரமாகவும் இருக்கிறது. சித்தப்பா மகன் துபாயில், எதிர்வீட்டுப் பெண் நர்ஸிங் முடித்து வெளிநாடு போய்விட்டாள், நீ என்ன செய்து கிழித்தாய் என்று வேறு யாரும் கேட்பதற்கு முன்பே நாமே நம்மைக் கேட்டுக் குடைகிறோம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது திருவட்டாறு பக்கம் அப்பாவின் விளையில், அதாவது தோட்டத்தில், பால் வெட்டிக்கொண்டிருந்த ரப்பர் மரங்கள் பாதிக்கு மேல் முறிந்து கிடந்தன. கன்று நட்டுப் பால் வெட்டக் கத்தி வைக்க ஏழு வருடமாவது ஆகும், அந்த வயதில் மறுபடி முதலிலிருந்து. கரண்டு இல்லாத அந்த நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து ஒரே பேச்சு: "கடன் வாங்கியிருக்கப்பிடாது, அந்த மேட்டுல ரப்பரே வச்சிருக்கப்பிடாது, எல்லாம் என் புத்திகெட்டதனம்." ஒரு சாயங்காலம் பக்கத்து விளைக்காரர் வந்தார். அவருக்குக் குலை தள்ளி நின்ற நேந்திரன் வாழை மொத்தமும் போயிருந்தது, அவரும் கடனைச் சொல்லித் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அப்பா அவர் தோளில் கையைப் போட்டு, "காத்து வந்து அடிச்சதுக்கு நீரு என்ன செய்வீரு? மாவட்டம் பூரா இப்பிடித்தான் கெடக்கு" என்றார். அவ்வளவு கனிவாக. அவர் போனதும் பழையபடி தன் கடன், தன் புத்தி.

அப்பா இன்னொன்றும் சொன்னார். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை, அங்கே உயிரே போயிருக்கும்போது நான் மரத்துக்காக அழலாமா என்று. பெரிய துக்கம் ஒன்று இருக்கிறது என்பதால் நம்முடையது வலிக்காமல் போய்விடாது, வலியை அடக்கியதற்கும் சேர்த்துதான் அப்புறம் உடம்பு படுத்துகிறது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் கிறிஸ்டின் நெஃப் 2003-ல், அடுத்தவரிடம் காட்டுகிற கனிவை நம்மிடமே காட்டுகிற இந்தத் தன்கனிவில் மூன்று விஷயங்கள் இருப்பதாக எழுதினார்: தன்னிடம் அன்பாக இருப்பது, கஷ்டம் எல்லோருக்கும் வரும் என்று உணர்வது, மனதில் ஓடுவதை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் பார்ப்பது. அப்பா அந்த விளைக்காரரிடம் சொன்ன இரண்டு வரியில் முதல் இரண்டும் அப்படியே இருந்தன, யாரும் சொல்லிக்கொடுக்காமலே. சொன்ன ஆளுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை.

இப்படித் தன்னைத் தட்டிக்கொடுத்தால் சோம்பேறி ஆகிவிட மாட்டோமா என்று கேட்பார்கள். 2012-ல் கலிஃபோர்னியாவில் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு தேர்வில் சரியாகச் செய்யாத மாணவர்களில், தன்னிடம் கனிவாக இருக்கும்படி சொல்லப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பால் வெட்டுகிற எவருக்கும் தெரியும், கத்தி பட்டையைத் தாண்டித் தடியில் பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து அப்புறம் வெட்டவே ஆகாமல் போய்விடும். தன்னைத் தானே குத்திக் கிழிப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் எல்லாம் சரி என்று தலையாட்டுவது இல்லை. சொந்தக்காரர் பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கிடைத்த செய்தி வருகிறது, வயிறு எரிகிறது. சரி, எரிகிறது. பொறாமைப்படுகிறேனே என்று அதற்கு மேல் ஒரு குட்டு வேண்டாம். எரிச்சலோடேயே போன் போட்டு வாழ்த்துச் சொல்லலாம், அதில் பொய் ஒன்றும் இல்லை.

நான் செய்வது இதுதான்: மனதுக்குள் திட்டு ஆரம்பித்ததும், இதே நிலைமையில் என் தங்கை வந்து நின்றால் என்ன சொல்வேன் என்று யோசித்து, அந்த வார்த்தையை வாய்விட்டே எனக்குச் சொல்கிறேன். முதலில் கூச்சமாக இருக்கும். சில நாள் ஒன்றும் ஆகாது, சில நாள் அழுகை வரும், அது நல்லதுதான்.

இதெல்லாம் பத்தாமல், வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், இருந்து என்ன பயன் என்ற நினைப்பே வருகிறது என்றால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பேசத் தயக்கமாக இருந்தால் வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.