போவேனா, போனேனா: இத்தாலிய இறந்தகாலத்தோடு நான் பட்ட பாடு

இத்தாலியக் குடியுரிமைக்கு 2018 இலிருந்து பி1 (இடைநிலை) மொழிச் சான்றிதழ் கேட்கிறார்கள். சிசிலித் தீவின் பலெர்மோவில் இத்தனை வருசம் இருந்தும் எனக்குத் தெரிந்தது பல்லாரோ சந்தையில் விலை பேசுகிற அளவு மொழிதான். அதற்கு நிகழ்காலமே போதும். வகுப்புக்குப் போனபிறகுதான் இறந்தகாலம் காலை வாரியது.

'சாப்பிட்டேன்' என்பதற்கு 'ஓ மன்ஜாத்தோ' என்றும் வருகிறது, 'மன்ஜாவோ' என்றும் வருகிறது. 'யேரி' (நேற்று) இருந்தால் முதலாவது, 'செம்ப்ரே' (எப்போதும்) இருந்தால் இரண்டாவது என்று பாடமாக்கிவைத்தேன். முதல் பயிற்சியிலேயே மாட்டினேன். 'எப்போதும் இங்கேதான் வசித்து வந்திருக்கிறேன்' என்றால் 'ஓ செம்ப்ரே அபித்தாத்தோ'வாம். ஒரு சொல்லைப் பார்த்துக் காலத்தை முடிவு செய்ய முடியாது.

கடைசியில் கைகொடுத்தது தமிழ்தான். 'சின்ன வயதில் கடலுக்குப் போவோம், நண்டு பிடிப்போம்' என்று எதிர்கால விகுதியில் பழங்கதை சொல்கிறோமே, அந்தப் 'போவோம்' வரும் இடம் 'அந்தாவாமோ'. 'சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்' வரும் இடமும் அதே வகை. ஒருமுறை நடந்து முடிந்த 'போனோம்' என்றால் 'சியாமோ அந்தாத்தி'. வயது, மனநிலை, வானிலை மட்டும் இதற்குள் அடங்காது. 'சின்னப் பிள்ளையாக இருந்தேன்' என்றால் 'மன்ஜாவோ' வகையைச் சேர்ந்த 'ஏரோ' தான்; அதைத் தனியாகப் பாடமாக்கினேன்.

வினையடைகளில் சிரமம் அவை நிற்கும் இடம். 'ஜா' (ஏற்கெனவே), 'மாய்' (ஒருபோதும்), 'அப்பேனா' (இப்போதுதான்) எல்லாம் துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவே போய் உட்கார வேண்டும்: 'ஓ ஜா மன்ஜாத்தோ'. வினையைப் பிளந்து நடுவில் ஒரு சொல்லைச் செருகுவது எனக்குப் பழக்கமே இல்லை. வாய்க்கு வர ஒரு மாதம் எடுத்தது.

இன்னொன்று, கொஞ்சம் வெட்கக்கேடு. 'போனேன்' என்பதில் நமக்கு ஆண், பெண் இல்லை. அந்த நினைப்பிலேயே 'சோனோ அந்தாத்தோ' என்று ஆண்பாலில் கதைத்துத் திரிந்திருக்கிறேன். பெண் என்றால் 'அந்தாத்தா'. ஒருவரும் திருத்தவில்லை!

எல்லாம் பிடிபட்டது என்று நினைத்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி காலையில் சந்தைக்குப் போய்வந்ததை 'அந்தாய்' என்றார். கதைப் புத்தகங்களில் வருகிற தொலை இறந்தகாலம் அது. சிசிலியில் இன்று காலை நடந்ததற்கும் அதைச் சொல்வார்கள். பரீட்சை முடிந்ததும் அதைப் படிக்கலாம் என்று விட்டேன். இன்னும் விட்டபடிதான் இருக்கிறது.