நரம்பு அறுந்த ஆபரேஷன்

அப்பா மூணு மாச விசாவில் நெதர்லாந்தில் நாங்கள் இருக்கும் உட்ரெக்ட் ஊருக்கு வந்திருந்தார். முதல் மாதத்திலேயே கால்வாய், காற்றாலை, சீஸ் எல்லாம் தீர்ந்துபோச்சு. "ஏன்டா, இந்த ஊர்ல கச்சேரி கிச்சேரி கிடையாதா?" என்று ஆரம்பித்தார்.

கிடையாதா என்ன! ஆகஸ்ட் கடைசி வந்தால் இங்கே 'பழைய இசை விழா' களைகட்டிவிடும். 1982-ல் தொடங்கியது. ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் (Bach) அவருக்கு முந்தினவர்களுக்கும் அவர்கள் காலத்துக் கருவிகளையே எடுத்து, அந்தக் காலத்து முறையிலேயே வாசிப்பார்கள். அந்த வாரத்தில் ஒரு சின்ன தேவாலயத்தில் நடந்த கச்சேரிக்கு ரெண்டு டிக்கெட் போட்டேன். என் மனைவி நாசூக்காகத் தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

மேடையில் நாலு பேர், பியானோவுக்கு மூத்த ஒரு ஹார்ப்சிகார்ட். ஒருத்தர் கையில் தியார்போ. கிடார் மாதிரி மீட்டுகிற பழைய லூட் வகைதான், ஆனால் கழுத்து மட்டும் வளர்ந்துகொண்டே போய் மொத்தம் ரெண்டு மீட்டரைத் தொட்டிருந்தது. "மாங்கா பறிக்கிற தொரட்டியில தந்தி கட்டினாப்ல இருக்கேடா" என்றார் அப்பா. நடுவில் ஒரு பெண் ஏழு தந்தி வயோலா ட காம்பாவைத் தரையில் ஊன்றாமல் ரெண்டு கெண்டைக்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வில்லைப் பிடித்த உள்ளங்கை மேலே பார்த்தபடி, திருநீறு வாங்குகிற பாவனையில் இருந்தது. கழுத்தைச் சுற்றி மெட்டு மெட்டாகக் கயிறு கட்டியிருந்ததைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீணைய நிமித்தி வச்சு வில்லு போடுறாங்க. சரி, நம்ம ஜாதிதான்."

தந்தி எல்லாம் ஆட்டுக்குடல் என்றேன்.

"போட்டி வறுப்போமே, அந்தக் குடலா?"

அதே குடல்தான். ஈரம் பட்டால் சுருதி ஓடிவிடும். அன்றைக்கு வெளியே மழை. உள்ளே இருநூறு பேர் நனைந்த கோட்டோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். சுருதி சேர்த்தார்கள், சேர்த்தார்கள், சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். எண்பது வயசு வாழ்ந்த லூட்காரன் அறுபது வருஷம் சுருதிதான் சேர்த்திருப்பான் என்று ஜெர்மானிய இசை எழுத்தாளர் மாட்டெசன் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கிண்டல் பண்ணியிருக்கிறார். தியார்போவில் பதினாலு தந்தி. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குள் அப்பா மொபைலில் இருக்கும் சுருதிப்பெட்டியைத் திறந்து, சத்தத்தைக் குறைத்துக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டார். "மேற்கத்திய ஏ சுரம்னா ஆறு கட்டை இருக்கணும். இவங்க அஞ்சு கட்டையில நிக்கிறாங்க. ஒரு முழுக் கட்டை குறையுதுடா!"

காது தப்பவில்லை. இன்றைக்கு ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ். பழைய இசைக் குழுக்கள் பொதுவாக 415-க்கு இறக்கிக்கொள்வார்கள், பிரெஞ்சு உருப்படி என்றால் 392 வரைக்கும் போவார்கள். அன்றைக்கு எல்லாமே பிரெஞ்சு. இதைச் சொன்னதும், "அப்ப தெரிஞ்சேதான் குறைச்சிருக்காங்க" என்று பெருந்தன்மையோடு மன்னித்தார்.

மூணாவது உருப்படிதான் வினை. பிரெஞ்சு காம்பாக் கலைஞர் மாரன் மாரே 1725-ல் வெளியிட்டது. பொருள், சிறுநீர்ப்பைக் கல் ஆபரேஷன். சத்தியமாக! ஒருத்தர் நின்று ஒவ்வொரு கட்டமாகப் படிப்பார், காம்பா அதை வாசித்துக் காட்டும். மயக்க மருந்து இல்லாத காலம் வேறு. அப்பாவுக்கு மூணு வருஷம் முந்தி திருச்சியில் ஒன்பது மில்லிமீட்டர் கல்லை உடைத்து எடுத்தார்கள். இதை டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

தாளைப் பார்த்து அவர் காதில் மொழிபெயர்த்தேன். கருவியைப் பார்த்ததும் நடுக்கம். காம்பா நடுங்கியது. ஏறிப் படுப்பதென்று முடிவு. கை காலைப் பட்டுக் கயிற்றால் கட்டுகிறார்கள். அப்பா என் முழங்கையைப் பிடித்தார். கீறுகிறார்கள். பிடி இறுகியது. இடுக்கியை உள்ளே விடுகிறார்கள்...

டப்!

மேல் தந்தி அறுந்து காற்றில் ஆடியது. அந்த நிசப்தத்தில் என் தகப்பனார் முழுத் தொண்டையில், "ஐயையோ, நரம்பு அறுந்துபோச்சே!" என்றார்.

தந்தியையும் நரம்பு என்போம் என்பது அங்கே யாருக்குத் தெரியும்? முன்வரிசை மொத்தமும் திரும்பியது. ஒரு பாட்டி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

காம்பாக்காரர் சிரித்துவிட்டு, பையிலிருந்து புதுக் குடலை எடுத்து முறுக்க ஆரம்பித்தார். புதுத் தந்தி லேசில் நிற்காது. முறுக்குவார், இறங்கும். பத்து நிமிஷம் ஓடியது. அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இடுக்கிய உள்ள விட்டுட்டு டாக்டர் டீ குடிக்கப் போயிட்ட மாதிரி இருக்குடா. அந்த ஆளு என்ன ஆவான்?"

அந்த ஆளுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. தந்தி நின்றதும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மறுபடி நடுக்கம், மறுபடி கயிறு, மறுபடி கீறல். இந்தத் தடவை கல் வந்தது, குரல் அடங்கியது, ரத்தம் ஓடியது, ஆளைக் கட்டிலுக்குத் தூக்கிப்போனார்கள். முதல் கைதட்டல் அப்பாவுடையது. கண் கலங்கியிருந்தது.

முடிந்ததும் கூப்பிடக் கூப்பிட நேராக மேடைக்குப் போய்விட்டார். பின்னாடியே ஓடினேன். காம்பாக்காரரிடம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகத் தன் கல்லின் சைஸைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரோ, இத்தனை வருஷத்தில் இந்த உருப்படியைப் புரிந்துகொண்ட முதல் ரசிகர் கிடைத்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா வாசிச்சேம்மா. ஆனா அந்தக் காலத்துல வெட்டியிருக்கவே வேண்டாம். வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சிருந்தா தானா வந்திருக்கும்னு சொல்லுடா."

வாழைத்தண்டை எப்படிச் சொல்வது? மரம், மரத்துக்குள்ளே பட்டை, பட்டைக்குள்ளே பட்டை, அதற்குள்ளே வெள்ளையாக... கையையெல்லாம் ஆட்டி ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் மிகுந்த அக்கறையோடு கேட்டார், "அந்தத் தண்டில் நார் இருக்குமா?"

அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். முகம் மலர்ந்துபோனார்.

"தந்தி கட்டப் பாக்குறா! சொல்லு, நிறைய இருக்கும்னு சொல்லு."